பல நாட்டார் வாழும் நகரப் பகுதியில் உண்பதும் வாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கின் குயின்ஸ், டொராண்டோவின் கென்சிங்டன் மார்க்கெட், கிழக்கு லண்டனின் பிரிக் லேன், பாரிஸின் பெல்வில் போன்ற பகுதிகளில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் சிற்றுணவகங்களும் மளிகைக் கடைகளும் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்கின்றன. இத்தகைய ஒரு பகுதிக்கு அருகில் புதிதாகக் குடிவந்தவர்களும், அங்கே சில நாட்கள் தங்கப்போகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

முதலில் உணவகத்துக்குப் போவதா, கடைக்குப் போவதா?

மளிகைக் கடைக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. குடியேறிய ஒரு சமூகத்தார் நடத்தும் உணவகம் பெரும்பாலும் பிறரையும் வாடிக்கையாளராகக் கருதியே நடத்தப்படுவதால், அங்கே காரம் குறைக்கப்பட்டிருக்கலாம், இறைச்சியில் எலும்பு நீக்கப்பட்டிருக்கலாம், கசப்பும் புளிப்பும் தணிக்கப்பட்டிருக்கலாம். மளிகைக் கடைக்கு அந்த நெருக்கடி குறைவு. அது தன் மக்களின் அடுப்படித் தேவையை நினைத்தே சரக்கை அடுக்குகிறது.

உள்ளே சென்றதும், எந்தப் பொருளில் அளவுக்கு மீறிய வகைகள் இருக்கின்றன என்று பாருங்கள். கொரியக் கடையில் மிளகாய் விழுதான கொச்சுஜாங்கும், நொதிக்கவைத்த சோயா விழுதான தோயன்ஜாங்கும் பல அளவு டப்பாக்களில் வரிசையாக நிற்கும். வியட்நாமியக் கடையில் மீன் சாற்றுக்கே தனி அலமாரி இருக்கும். அந்தப் புட்டிகள் சிலவற்றின் மேல் 30, 40 என்று அச்சிட்டிருப்பது நைட்ரஜன் அளவு, அதாவது மீனின் சத்து எவ்வளவு செறிவாக இறங்கியிருக்கிறது என்பதற்கான குறியீடு. ஒரு சமூகம் எந்தப் பொருளில் இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரிக்கிறதோ, அதுவே அதன் சமையலின் உயிர்நாடி. இதைத் தெரிந்துகொண்டு உணவகத்துக்குப் போனால், உணவுப் பட்டியலில் எதைக் கேட்பது என்பது பாதி தெளிந்துவிடும்.

மற்றொரு காரணமும் உண்டு. இத்தகைய கடைகள் பலவற்றில், பணம் கட்டும் இடத்துக்கு அருகே அன்றன்று வந்திறங்கும் உணவு இருக்கும்: எத்தியோப்பியக் கடையில் இன்ஜெரா அப்பப் பொதிகள், வியட்நாமியக் கடையில் பான் மி ரொட்டி, தெற்காசியக் கடையில் சமோசா. அவை பலகைகளிலோ விளம்பரங்களிலோ இடம்பெறுவதில்லை. வருகிறவர்களுக்குத் தெரியும் என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை. கல்லாவில் இருப்பவரிடம், "நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "இங்கே எந்த உணவகம் நல்லது?" என்ற கேள்விக்கு வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் பழகிய விடையே வரும், முதல் கேள்விக்கு அவர் தாமே போகும் இடத்தைச் சொல்வார்.

ஒரே தெருவில் இத்தனை நாட்டு உணவு எப்படிச் சேர்ந்தது?

பெரும்பாலும் வாடகையும் வேலையும்தான் காரணம். புதிதாக வந்தவர்கள் வாடகை குறைந்த இடத்தில், தொழிற்சாலைக்கோ துறைமுகத்துக்கோ அருகில் குடியேறினார்கள். அடுத்த தலைமுறை வசதி பெற்று வெளியேறியபோது, அதே வீடுகளுக்கு வேறொரு நாட்டார் வந்தார்கள். பிரிக் லேனில் ஒரே கட்டடம் இந்த வரலாற்றைச் சொல்கிறது. 1743இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு அகதிகளின் தேவாலயமாகக் கட்டப்பட்ட அது, 1898இல் யூதர்களின் தொழுகைக் கூடமாகி, 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலானது. யூதர்கள் பெரும்பாலோர் அந்தப் பகுதியை விட்டுச் சென்ற பின்னும் அவர்களுடைய வளைய ரொட்டியான பேகல் விற்கும் கடைகள் அதே தெருவில், வங்காள உணவகங்களுக்கு நடுவே, இன்னும் நடக்கின்றன. கென்சிங்டன் மார்க்கெட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூதர்களின் சந்தையாக இருந்து, பின்னர் போர்த்துக்கீசியர், கரீபியர் என்று பலர் கைக்கு மாறியதுதான்.

இதை அறிவதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. ஒரு பகுதியில் எந்தச் சமூகம் இப்போது நிறைந்து வாழ்கிறதோ, அதன் உணவு அங்கே புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். பெயர்ப் பலகையில் மட்டும் மிஞ்சி நிற்கும் சமூகத்தின் உணவு பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான விலையில்தான் கிடைக்கும்.

எந்த நேரத்தில் போவது சரி?

உணவைப் பொறுத்தது. வியட்நாமிய ஃபோ நூடுல்ஸ் சூப் அவர்களுக்குக் காலை உணவு. இரவெல்லாம் கொதித்த எலும்புச் சாறு காலையில்தான் முதல் சுவையோடு இருக்கும். தென்சீனக் கான்டன் வழக்கத்துச் சிற்றுண்டி வகைகளான திம்சம் காலையில் தொடங்கி நடுப்பகல் தாண்டியதும் ஓய்ந்துவிடுகிற உணவு. நெடுநேரம் வேகவைத்த பார்பகோவா இறைச்சியை மெக்சிகோக்காரர்களின் கடைகள் பல சனி, ஞாயிறு காலைகளில் மட்டுமே விற்கின்றன. தீர்ந்ததும் கடையை மூடிவிடுகின்றன. எத்தியோப்பியர்களின் காபிச் சடங்கில் ஒரே தூளை மூன்று சுற்று காய்ச்சிப் பரிமாறுவார்கள் என்பதால், அடுத்த வேலையை வைத்துக்கொண்டு அதற்கு உட்காரக்கூடாது.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ரமலான் மாதத்தில் முஸ்லிம்களின் உணவகங்கள் பல பகலில் மூடியிருந்து, மாலை நோன்பு திறக்கும் வேளையில் தெருவையே நிறைத்துவிடும்; ஆண்டு முழுவதும் காணாத பலகாரங்கள் அப்போதுதான் வெளிவரும். யூத சமய உணவு விதியான கோஷர் நெறி பேணும் கடைகள் வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு முன் மூடி, சனி இரவு வரை திறப்பதில்லை. சீனப் புத்தாண்டை ஒட்டிச் சில நாட்கள் சீனக் கடைகள் மூடிக்கிடக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வாரம்போல் அவை நிரம்பி வழியும் காலம் வேறில்லை.

இணையத்தில் உள்ள மதிப்பெண்களை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். அந்த மதிப்பெண்ணில் பரிமாறுகிறவரின் பேச்சு, இருக்கையின் வசதி, காத்திருந்த நேரம் எல்லாம் கலந்திருக்கின்றன. பல வேளைகளில் சமையலைவிட அவையே எடை போடப்படுகின்றன. எண்ணை விட்டுவிட்டு, அந்தச் சமூகத்தார் தம் மொழியில் எழுதியிருக்கும் குறிப்புகளை மொழிபெயர்த்துப் படிப்பதும், வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களில் எந்த உணவு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதும் அதிகப் பயன் தரும். நேரில் போனால், பட்டியல் குட்டையாக இருக்கும் கடையை நம்பலாம். ஒரே சமையலறையிலிருந்து நான்கு நாட்டு உணவு வருவதாகச் சொல்லும் பட்டியலை நான் நம்புவதில்லை.

சிறிய கடைகளை ஏளனமாக நினைக்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சிற்றுணவகங்களைத் தெருத் தெருவாகத் தேடி எழுதிய ஜொனாதன் கோல்டு 2007இல் விமர்சனத்துக்கான புலிட்சர் என்னும் அமெரிக்க இதழியல் விருதைப் பெற்றார். உணவு விமர்சகர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. சிங்கப்பூரின் எளிய உணவங்காடிக் கடைகள் இரண்டுக்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் 2016இல் வழங்கப்பட்டது.

மொழி தெரியாவிட்டால் எப்படிக் கேட்பது?

பக்கத்து மேசையைக் காட்டிக் கேட்கலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்து வடிவத்தை மொழிபெயர்க்கும் செயலிகளும் கைகொடுக்கும், ஆனால் உணவுப் பெயர்களில் அவை அடிக்கடி தடுமாறும். எதைச் சாப்பிடக்கூடாது என்பது முக்கியமானால், அதை அந்த மொழியிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வதுதான் பாதுகாப்பு. கூட்ட நேரத்தில் நின்று விசாரிக்காமல், பிற்பகல் மூன்று மணிபோல் கடை ஓய்ந்திருக்கும்போது போனால், சமைப்பவரே வெளியே வந்து விளக்குவதும் நடக்கும்.

சைவம் மட்டும் உண்பவர்கள் இங்கே என்ன செய்வது?

நிறைய உண்ணலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் கவனம் வேண்டும். தட்டில் காய்கறி மட்டும் இருப்பதாலேயே அது சைவம் ஆகிவிடாது. தாய்லாந்துக் குழம்பு விழுதில் இறால் விழுது இருப்பது வழக்கம். ஜப்பானியரின் மீசோ சூப்புக்கு அடிப்படையான தாஷி பெரும்பாலும் உலர்ந்த பொனிட்டோ மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. கொரியரின் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ப்பார்கள். மெக்சிகோ முறையில் மசித்து வதக்கிய பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். சீனக் கீரைப் பொரியலின் பளபளப்பு சிப்பிச் சாற்றினால் வந்ததாக இருக்கலாம். இத்தாலியின் பார்மீசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுகிறது. மிட்டாய்கள் சிலவற்றில், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

ஆகவே "இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்டால் போதாது, பலருடைய எண்ணத்தில் மீன் சாறும் சூப்பின் அடிச்சாறும் இறைச்சிக் கணக்கில் வருவதே இல்லை. மீன் சாறு, இறால், எலும்புச் சாறு, கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதைவிட எளிய வழி, சைவத்தைத் தம் சமயத்திலேயே வைத்திருக்கும் சமையல்களைத் தேடிப் போவது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளி உட்பட ஆண்டில் பல நாட்கள் நோன்பிருந்து, இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்குகிறார்கள். அதனால் அவர்களின் உணவகங்களில் பருப்பிலும் கொண்டைக்கடலை மாவிலும் கீரையிலும் செய்த நோன்பு உணவுகள், இன்ஜெராவின் மேல் வட்டமாகப் பரிமாறப்பட்டு, எந்நாளும் கிடைக்கின்றன. புளித்த மாவில் சுட்ட அந்த மெல்லிய அப்பத்தைக் கையால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து உண்பதற்குத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீன, வியட்நாமியப் பௌத்த உணவகங்களில் இறைச்சியோடு வெங்காயம், பூண்டையும் விலக்குவது மரபு. சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்து இறைச்சியின் பெயரிட்ட உணவுகளைப் பட்டியலில் கண்டு திகைக்க வேண்டாம். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபெல், கொண்டைக்கடலை விழுதான ஹம்மஸ், பச்சிலைக் கலவையான தபூலே ஆகியவையும் இயல்பாகவே சைவம், ஆனால் ஃபலாஃபெல் எந்த எண்ணெயில் பொரிக்கப்படுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஹலால், கோஷர் முத்திரை இருந்தால் சைவம் என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. ஹலால் முத்திரை, அந்த உணவில் பன்றி இறைச்சியும் மதுவும் இல்லை என்பதையும், இறைச்சி இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்டது என்பதையும் குறிக்கிறது. கோஷர் முத்திரை, பன்றியும் சிப்பி, இறால் வகைகளும் இல்லை, பாலும் இறைச்சியும் சேரவில்லை என்பதைக் குறிக்கிறது. பால் உணவு மட்டும் தரும் கோஷர் உணவகத்தில் இறைச்சி இராது என்பது சைவர்களுக்கு உதவும், ஆனால் அங்கே மீன் இருக்கலாம். பாலும் இறைச்சியும் இல்லாதது என்று பொருள்படும் பார்வே குறியுள்ள பொருளிலும் மீனும் முட்டையும் இருக்க வாய்ப்புண்டு.

ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை எவை?

சட்டம் எங்கே எதுவரை வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் தர வேண்டும். அமெரிக்காவில் பொட்டல உணவுகளின் மேல் 9 வகைகள் குறிக்கப்பட வேண்டும். ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023 சனவரியில். ஆனால் சட்டம் இருப்பது வேறு, அவசரமாக நடக்கும் ஒரு சிறு சமையலறையில் ஒரே கரண்டியும் ஒரே எண்ணெயும் புழங்குவது வேறு.

நிலக்கடலை மேற்கு ஆப்பிரிக்காவின் மாஃபே குழம்பிலும் இந்தோனேசியாவின் சாத்தே சாற்றிலும் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். எள் தஹினி என்னும் விழுதாகவும் ஹல்வாவாகவும் மேற்காசியக் கடைகளில் எங்கும் உண்டு. சாதாரண சோயா சாற்றில் கோதுமை இருப்பதால், கோதுமை ஆகாதவர்களுக்குச் சீன, ஜப்பானிய உணவுகளில் பெரும்பகுதி பொருந்தாது. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவர் தந்த ஊசியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரரின் பதிலில் தயக்கம் தெரிந்தால் அந்த உணவைத் தவிர்த்துவிட வேண்டும்.

கடை சுத்தமானதுதானா என்பதை எப்படி அறிவது?

சில நகரங்கள் இதை வாசலிலேயே எழுதி வைக்கச் செய்கின்றன. நியூயார்க் 2010 முதல் உணவகங்களுக்கு A, B, C என்று எழுத்துத் தரம் வழங்கி, அதை வெளியே தெரியும்படி ஒட்டச் சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. அதை வாசலில் காட்டுவது வேல்ஸில் 2013 முதல் கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஆகவே இங்கிலாந்துக் கடையொன்றின் வாசலில் மதிப்பெண்ணைக் காணவில்லை என்றால், அதை இணையத்தில் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

மற்றபடி வெப்பநிலையே முக்கியம். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும், சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆவி பறக்கும் பாத்திரத்தில் இருந்து தரும் தெருக் கடை, வெதுவெதுப்பான தட்டுகளை மாலை வரை அடுக்கி வைத்திருக்கும் பளிங்குத் தரை உணவகத்தைவிடப் பாதுகாப்பானது. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும்: அதில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போது சாவதில்லை, அது உண்டாக்கும் நச்சு மீண்டும் சுடவைத்தாலும் போவதில்லை. பழைய சோற்றில் செய்த பொரித்த சோறு எங்கே, எவ்வளவு நேரம் வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் கேள்வி.

காரம் தாங்க முடியாமல் போனால்?

தண்ணீர் உதவாது, ஏனெனில் மிளகாயின் காரப் பொருள் நீரில் கரைவதில்லை. பால், தயிர் ஆகியவற்றில் உள்ள கேசின் புரதம் அதைப் பற்றி நீக்கும். சிச்சுவான் மிளகு தருவது வேறு உணர்ச்சி; அது காரமில்லை, உதடு மரத்து அதிரும். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயைக் கொண்டுவரும் என்று அஞ்சி, அமெரிக்கா அதன் இறக்குமதியை 1968 முதல் 2005 வரை தடை செய்திருந்தது.

சீன உணவில் சேர்க்கும் அஜினமோட்டோ உடம்புக்குக் கெடுதலா?

இந்த அச்சத்துக்கு வலுவான சான்று இல்லை. கடற்பாசியின் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டை ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெதா 1908இல் பிரித்தெடுத்தார். அதன் சோடிய உப்பே அஜினமோட்டோ. குளுட்டமேட் தக்காளியிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் தாய்ப்பாலிலும் இயல்பாகவே இருக்கிறது. சீன உணவகத்தில் உண்டபின் உடம்பில் தொல்லைகள் வருவதாக 1968இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஒரு கடிதத்திலிருந்துதான் சீன உணவகத்தின் மீதான பழி பரவியது. பின்னர் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில், வழக்கமான அளவில் உண்டவர்களிடம் அந்தத் தொல்லைகள் சீராகத் தோன்றவில்லை. அதே பொருளைத் தூவிய உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டே சீன உணவகத்தைக் குறை சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் கணக்கில் கொள்ள வேண்டியது சோடியத்தை. அஜினமோட்டோவில் அது சுமார் 12 விழுக்காடு, சமையல் உப்பில் சுமார் 39 விழுக்காடு.

பழக்கமில்லாத பொருளை வீட்டுக்கு வாங்கும்போது எதைக் கவனிப்பது?

முதலில் தேதியை. சீனப் பொருட்களில் பெரிதாகத் தெரியும் தேதி பல வேளைகளில் தயாரித்த நாள். எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பது வேறிடத்தில் தனியாக இருக்கும். கிழக்காசியாவில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையும், அமெரிக்காவில் மாதம் முதலாக வரும் வரிசையும் வழக்கம். தாய்லாந்துப் பொருட்கள் சிலவற்றில் 2568 என்று கண்டால் அது பௌத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 2025. "இந்த நாளுக்குள் பயன்படுத்துக" என்பது பாதுகாப்புக்கான எல்லை, அதைத் தாண்டக்கூடாது. "இந்த நாளுக்கு முன் உண்பது சிறப்பு" என்பது தரத்தைப் பற்றியது மட்டுமே. விலை குறைத்து விற்கும் அத்தகைய பொருளைத் தயங்காமல் வாங்கலாம்.

அடுத்து, சமைக்கும் முறையைக் கேட்காமல் வாங்கக்கூடாதவை சில உண்டு. கசப்பு வகை மரவள்ளியிலும், வேகாத மூங்கில் குருத்திலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் அவற்றை உரிய முறையில் ஊறவைத்தும் வேகவைத்தும்தான் உண்ண வேண்டும். சேம்பின் இலையும் கிழங்கும் நன்றாக வேகாவிட்டால் தொண்டையைக் குத்தும். உலர்ந்த சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவைக்க வேண்டும். மெதுவாகச் சூடாகும் மின்பானையில் பச்சையாகப் போட்டால் நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் கூடும். கரீபியக் கடையில் காணும் அக்கி பழத்தைப் பழுக்காமல் உண்பது உயிருக்கே ஆபத்து என்பதால், பழக்கம் வரும்வரை டப்பாவில் அடைத்ததையே வாங்குவது அறிவு.

பட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: தடித்து ஒற்றைச் சுருளாக இருப்பது பெரும்பாலும் காசியா, மெல்லிய பல தாள்கள் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு இலங்கைப் பட்டையே ஏற்றது. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதில் மிகக் குறைவு. கடும் நாற்றம் வீசும் தூரியன் பழம் வாங்கினால் எப்படி வீடு திரும்புவது என்பதையும் முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் மெட்ரோ ரயில்களில் அதைக் கொண்டுபோகத் தடை உண்டு, தடை இல்லாத ஊர்களிலும் உடன் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிப்ஸ் கொடுப்பது, பேரம் பேசுவது, படம் எடுப்பது பற்றி?

டிப்ஸ் வழக்கத்தை, உணவின் நாட்டை வைத்து முடிவு செய்யாமல், கடை இருக்கும் நாட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமில்லை. ஆனால் அமெரிக்காவில் உள்ள ஜப்பானிய உணவகத்தில், அமர்ந்து உண்டால் பில்லில் 15 முதல் 20 விழுக்காடு எதிர்பார்க்கப்படுகிறது. விலை ஒட்டிய மளிகைக் கடையில் பேரம் பேசுவது அழகில்லை. உணவைப் படம் எடுக்கலாம். கடைக்காரரையும் பிற வாடிக்கையாளரையும் கேட்காமல் எடுக்கக்கூடாது. வசிப்பிட ஆவணங்கள் குறித்த கவலையில் வாழ்கிறவர்கள் இத்தகைய பகுதிகளில் இருக்கிறார்கள். படம் எடுக்கிறவருக்கு விளையாட்டாகத் தோன்றுவது அவர்களுக்கு அப்படி இராது.

ஒரே நாளில் எத்தனை கடைகளுக்குப் போகலாம்?

நால்வராகப் போனால் மூன்று கடைகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் உணவை வாங்கி நான்காகப் பங்கிட்டுக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர் ஒரு கடையில் உட்கார்ந்து உண்டு, இன்னொன்றில் பார்சல் வாங்கி வரலாம். பட்டியலில் உள்ள பத்து இடங்களையும் ஒரே பகலில் முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கு ஐந்தாவது இடத்திலேயே நாக்கு மந்தமாகிவிடும். ஒரே கடைக்கு இரண்டாம் முறை போவதையே நான் பரிந்துரைப்பேன்: முதல் முறை பட்டியலில் உள்ளது கிடைக்கும், முகம் பழகிய பிறகு "இன்று வேறு ஒன்று செய்திருக்கிறோம், பார்க்கிறீர்களா?" என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.